ஐந்து நொடி

நரின் நகரில் மின்சாரம் போவதை
யாரும் ஒரு செய்தியாகச் சொல்வதில்லை.
மைனஸ் இருபத்தேழில் ஊரே ஹீட்டரைத் திருகும்.
மாவட்ட ஆஸ்பத்திரி ஒருமுறை கண் மூடித் திறக்கும்.
ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழும்.
விளக்குகள் எழும்.
ரத்தப் பைகள் கிடக்கும் குளிர்ப்பெட்டி எழும்.
சர்வரும் எழும், விசிறி இரைய.
டேட்டாபேஸ் மட்டும் எழாது.

பதினோரு மாதமாக.

டோலோன் கணவாயில் பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால்
ஊர்ந்து ஊர்ந்து நான் வந்து சேருமுன்
மூன்று பேர் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.
ஒருவர் எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவினார்.
ஒருவர் புது மெஷின் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.
மூன்றாமவர் கூர்தாக் நன்றாயிருந்தது என்றாராம்.

'தானாகத் தொடங்கு' என்ற இடத்தில்
'ஆம்' என்றுதான் இருக்கிறது.
கேட்டால் ஆம் என்கிறது, செய்யச் சொன்னால் படுத்துக்கொள்கிறது.
கையால் தொடங்கினாலோ
ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எழுந்து வருகிறது.
அதுதான் வயிற்றெரிச்சல்.
டாக்டர் முகத்தைக் கண்டதும் வலியை மறந்துவிடும் நோயாளி.

ரத்த வங்கி நர்ஸ் புருல்
ஒவ்வொரு முறையும் நடந்து வந்திருக்கிறாள்.
இரவு இரண்டு மணி, கம்பளி பூட்ஸ், ஆற்றுப் பாலம்.
திரையின் ஓரம் மருத்துவப் பிளாஸ்திரி.
அதில் நீல மையில் ஒற்றை வரிக் கட்டளை.
பொருள் தெரியாமல் எழுத்தெழுத்தாக அடிப்பாள்.
மந்திரம் போல என்று எழுத வந்தேன்.
இல்லை, மருந்துச் சீட்டு போல:
ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று
அவளுக்குத் தெரியும்.

லாகைத் திறந்தேன். யாரும் திறக்காத கதவு.

02:14:07 டேட்டாபேஸ் விழித்தது.
02:14:08 தன் கோப்புறையைத் தேடியது. காணோம்.
மறுபடி. காணோம்.
மறுபடி.
02:14:11 போதும் என்று படுத்துவிட்டது.
02:14:16 வெளிப்பெட்டியில் இருந்த வட்டு
விறைத்த முதுகை நிமிர்த்தி
இதோ வந்துவிட்டேன் என்றது.
கேட்க ஆள் இல்லை.

இலை போடுமுன் பந்தியில் உட்கார்ந்து
சோறில்லை என்று கோபித்து எழுந்து போனவனைப் போல,
குற்றம் சமைத்தவரிடமும் இல்லை,
பசித்தவனிடமும் இல்லை.
யார் முதலில், யார் பிறகு என்று
எவரும் எழுதி வைக்கவில்லை.

எழுதினேன். ஒரே வரி:
வட்டு வரும்வரை காத்திரு.
தோற்றால் பத்து நொடி கழித்து மறுபடி முயல் என்று
இன்னொரு வரியும் சேர்த்தேன், எனக்குக் குளிரை நம்பிக்கை இல்லை.

பிறகு பிளக்கைப் பிடுங்கினேன்.

புருல் கோட்டுப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு நின்றாள்.
விசிறி. கறுப்புத் திரை. எழுத்துகள் மழையாய் ஓடின.
ஓரிடத்தில் நின்றன,
நான் அதுவரை அறியாத நீளத்தில் ஒரு நிறுத்தம்.
பின் பட்டியல் விரிந்தது:
ஓ நெகட்டிவ், நான்கு பை, இரண்டாம் தட்டு.

"எவ்வளவு நேரம் பொறுத்தது?"
"ஐந்து நொடி."
"ஐந்து நொடியா," என்றாள்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"நான் ஒழுங்காக அணைக்கவில்லை என்று
பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார்.
பிப்ரவரியிலிருந்து நானும் அப்படித்தான் நினைத்தேன்."

அந்த லாகை ஒரு தாளில் அச்சடித்துத் தரச் சொன்னாள்.
நேரங்கள் தெளிவாக இருக்கட்டும் என்றாள்.
நான்காய் மடித்து உள்பையில் வைத்தாள்.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அன்றிரவு விருந்தினர் விடுதியில் விளக்கு அணைந்தது.
போர்வைக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்.
அறுபது வரை எண்ணினேன்.
போன் அடிக்கவில்லை.

காலையில் தேநீர்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி
புருல் சொன்னாள்:
"ஓடிக்கொண்டுதான் இருந்தது.
போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்."

பிளாஸ்திரி இன்னும் திரையில் இருக்கிறது.
ஒரு மூலை மட்டும் எழும்பியிருக்கிறது.